படகுக் காசில் மிச்சம் பிடிக்காதே

பொன்னேரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். மற்ற விஷயத்தையும் அவள்தான் போனில் சொன்னாள். சிப்காட்டில் உன்னோடு டிரெய்னியாக இருக்கும் மூன்று பெண்களும் நீயும் தீபாவளி லீவில் அந்தமான் போகிறீர்களாம். முதுகில் ஒரு பை, ஆளுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய், அதற்குள் எல்லாம் அடங்கிவிடுமாம். உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

போகாதே என்று சொல்ல இந்தக் கடிதம் இல்லை. கும்மிடிப்பூண்டியில் நீ பார்ப்பதெல்லாம் ஒரு ரூம், கம்பெனி பஸ், உருக்காலைப் புகை, ஞாயிற்றுக்கிழமை துவைக்கும் துணி. நாலு நாள் வேறு காற்றைச் சுவாசித்துவிட்டு வர வேண்டும் என்றுதான் எனக்கும் இருக்கிறது. ஆனால் நீ படகுக் காசிலும் மிச்சம் பிடிக்க நினைக்கிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

என்னோடு வேலை பார்த்த டீச்சரின் மகன் போர்ட் பிளேரில் இருக்கிறான். அவனிடம் விசாரித்தேன். (அந்த ஊர் பெயரை 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்பாதே.) தங்குவதற்கு அபர்டீன் பஜார் பக்கம் சின்னச் சின்ன லாட்ஜுகள் இருக்கின்றனவாம். தமிழ் பேசும் கடைக்காரர்கள் நிறைய, இட்லி தோசைக்குக் குறைவில்லை. மோகன்புரா பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டூருக்கும் சிடியா டாப்புவுக்கும் அரசு பஸ் போகிறது. டாக்ஸிக்குக் கொடுப்பதில் கொஞ்சம்தான் ஆகும். செல்லுலார் சிறையை அவசரப்படாமல் பாருங்கள். 1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்தது. ஏழு கிளைகளாக இருந்த கட்டடத்தில் மூன்றுதான் மிச்சம். ஹேவ்லாக்கில் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ராதாநகர் கடற்கரையில் உட்கார யாரும் காசு கேட்க மாட்டார்கள். சாப்பாட்டில் சுருக்கு, ரூமில் சுருக்கு, வாங்கி வரும் பொருளில் சுருக்கு. சிப்பி, பவளம் எதையும் பொறுக்கிப் பையில் போடாதே, அது குற்றம். எனக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம்.

தீபாவளி வேண்டாம் பாப்பா. ஐப்பசி, கார்த்திகை வங்காள விரிகுடாவில் புயல் மாதம். நம் ஊரிலேயே அந்த வாரம் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கு இடையே ஓடும் படகை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் ஹேவ்லாக்கில் மாட்டிக்கொண்டு, விமானம் போய்விட்டதே என்று அழுதுகொண்டு நிற்பீர்கள். அப்படி மாட்டிக்கொள்கிறவர்கள்தான் கிடைத்த படகில் ஏறுகிறார்கள். பொங்கல் கழியட்டும். தை, மாசியில் கடல் அடங்கியிருக்கும். லீவை அதுவரை சேர்த்துவைத்துக்கொள்.

விமானத்தில் போவதா கப்பலில் போவதா என்பது உன் விருப்பம். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் போகிறது. பங்க் வகுப்பு மலிவு, ஆனால் போய்ச்சேர மூன்று நாள் பக்கம் ஆகும், மாதத்தில் சில தடவைதான் புறப்படும். டிரெய்னிக்கு அத்தனை லீவு யார் தருவார்கள்? முன்கூட்டியே போட்டால் விமானம் கட்டுப்படியாகும், இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். பெரிய கப்பலைப் பற்றி எனக்குப் பயமில்லை. சின்னப் படகுதான் எனக்குப் பயம். நம் வீட்டில் இதைச் சொன்னால் இன்னமும் சிரிப்பார்கள்.

உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது இரண்டாம் வகுப்பு. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறையைப் பார்த்துவிட்டுக் கரைக்கு வந்தோம். முகத்துவாரம் வரை போய்வரலாம் என்று உன் அப்பா ஒரு மீன்பிடிப் படகைப் பேசினான். ஏற்கெனவே அதில் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டேன். "டீச்சருக்குத் தண்ணியென்றால் பயம்" என்று சொல்லிச் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏறவில்லை, உன்னையும் விடவில்லை. படகில் போக வேண்டும் என்று நீ என் கையைப் பிடித்து இழுத்து அழுதாய். அவர்கள் நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள், அதனால் நான் சொன்னது தப்பென்று ஆகிவிட்டது. அடுத்த கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் அந்தக் கதைதான்.

2011 டிசம்பர் 25 அன்று அதே பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்கள், குழந்தைகளும் உண்டு. அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். உன் அப்பா அன்றைக்கு எனக்குப் போன் செய்தான். செய்தியைச் சொன்னான். "அக்கா, நீ அன்றைக்குச் சொன்னது சரி" என்று மட்டும் இதுவரை சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தமானில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்கிறாயாம். 2014 குடியரசு தினத்தன்று போர்ட் பிளேருக்குப் பக்கத்தில், ராஸ் தீவு சுற்றிவிட்டு வந்த சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் நம் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். அந்தமானுக்கு நீ போனால் நீயும் அதே ராஸ் தீவுக்குத்தான் படகு ஏறப் போகிறாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொன்னால் உன் அப்பாவுக்குக் கோபம் வரும். ஆரணியாறு ஓடுகிற ஊரில் பிறந்து எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் வந்த நாட்களில் உன் தாத்தா தம்பிகளை மட்டும் ஆற்றில் இறக்கினார். பெண் பிள்ளைகள் கரையில் துணி வைத்துக்கொண்டு நிற்கணும். நனைந்த பாவாடையோடு ஊருக்குள் எப்படி நடந்து வருவாய் என்று கேட்டார், அவ்வளவுதான். உன் அப்பா மூன்று நாளில் கற்றுக்கொண்டான். பிற்காலத்தில் அவனுக்கும் மகள் பிறந்தாள், அவளுக்கும் அவன் சொல்லித்தரவில்லை. நீந்தத் தெரிந்தவனுக்குப் படகு விளையாட்டு. நமக்கு லைஃப் ஜாக்கெட்தான் நீச்சல். அதைக் கேட்டால் கோழை என்கிறார்கள். யாருக்குச் சொல்லித்தரவில்லையோ அவளைப் பார்த்தே சிரிக்கிறார்கள்! எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இது ஆறவில்லை. இன்றைக்கு நம் மாவட்டத்தில் ஏரி, குளம், கடல் எதில் பார்த்தாலும் பெண் பிள்ளைகள் முட்டளவு தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் நீந்துவதில்லை. தைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. சென்னையில் ஒரு நீச்சல் குளத்தில் சேர். ஃபீஸ் நான் கட்டுகிறேன். இதை மட்டும் மறுக்காதே.

படகு ஏறுமுன் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி பக்கிளைப் பூட்டு. சீட்டுக்கு அடியில் இருக்கிறது, தேவைப்பட்டால் எடுக்கலாம் என்பவன் படகில் ஏறாதே. எத்தனை பேருக்கு அனுமதி என்று கேள், தலையை எண்ணு. கூடுதலாக இருந்தால் கொடுத்த காசு போனாலும் இறங்கிவிடு. மற்ற மூன்று பெண்களும் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் அரசு கப்பல் கிடைக்கும், இல்லையென்றால் பெரிய தனியார் கப்பலில் காசு கொடுத்துப் போங்கள். சாயங்காலப் படகு வேண்டவே வேண்டாம். அங்கே கடிகாரம் நம் நேரம்தான், ஆனால் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் காலை நனைக்கக் கூடாது. 2010-ல் ஹேவ்லாக்கில் கடலில் இருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றுவிட்டது. சிக்னல் கிடைக்கவில்லை என்ற பேச்சும் வேண்டாம். சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்துவிட்டார்கள். ராத்திரி ஒரு போன், அவ்வளவுதான் கேட்கிறேன்.

எங்கே போவது என்பதை நீயே முடிவு செய். ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். தீவுதானே பார்க்க வேண்டும்? ராமேஸ்வரமும் தீவுதான். ராத்திரி ரயில் ஏறினால் விடிந்ததும் பாம்பன். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் கடல்மேலேயே போகிறது, கப்பல் வந்தால் நடுப்பகுதி செங்குத்தாக மேலே ஏறுமாம். தனுஷ்கோடியில் 1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களைப் பார்க்கலாம். அங்கிருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு, பஸ்ஸே போகிறது. இரண்டு பக்கமும் கடல், கைக்கெட்டும் தூரத்தில் இலங்கை என்று தோன்றும். உன் பதினைந்தாயிரத்தில் பாதிகூட ஆகாது. எங்கேயும் படகில் கால் வைக்க வேண்டியதில்லை. மூன்று நாள் லீவு போதும், தீபாவளிவரை காத்திருக்கக்கூடத் தேவையில்லை. யோசித்துப் பார். அந்தமான்தான் என்றால் அந்தமான்தான்.

ரொம்பத் திட்டிவிட்டேனோ என்று தோன்றுகிறது. உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லையடி. நம் வீட்டிலிருந்து தன் சம்பளத்தில், யாரிடமும் கைநீட்டாமல் கடல் தாண்டப் போகிற முதல் பெண் நீதான். டீச்சர் டிரெயினிங் படித்தபோது எங்களை மகாபலிபுரம் கூட்டிப்போனார்கள், அதற்கே உன் தாத்தா கையெழுத்து போட யோசித்தார். நீ எங்கே போனாலும் எனக்குப் பெருமைதான். உன் அக்கவுண்டில் ஐயாயிரம் போட்டிருக்கிறேன். அது படகுக்கு மட்டும், ஐஸ்கிரீமுக்கு இல்லை. சரி, ஐஸ்கிரீமும் சாப்பிடு. கிளம்பும் முன்னால் ஒருநாள் வந்துவிட்டுப் போ, பொருள்விளங்கா உருண்டை பிடித்து வைக்கிறேன், வழிக்குப் பசி தாங்கும். அந்த மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு வா, அவர்களுக்கும் சேர்த்துச் சமைக்கிறேன்.

என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.

உன் அன்புள்ள
அத்தை

பி.கு.: ராமேஸ்வரம் என்று முடிவு செய்து அதையும் தைக்குத் தள்ளிவைத்தால், தை அமாவாசைக்குப் போகாதே, கூட்டம் தாங்காது.