அஞ்சறைப்பெட்டியும் கல்லீரலும்

மஞ்சள், மிளகு, சீரகம், வெந்தயம் என அஞ்சறைப்பெட்டியில் இடம்பெறும் பொருள்கள் உணவுக்குச் சுவை கூட்டுவதோடு உடலுக்கு நலமும் தருவன என்பது நம் முன்னோர் கண்டறிந்த செய்தி. அண்மைக் காலத்தில் அதனை மிகைப்படுத்தி, "ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு தெரிந்ததா? மஞ்சள் மாத்திரை போதும், மருத்துவர் எதற்கு?" என்று கூறுவோர் பெருகி வருகின்றனர். இதனை நம்பி, சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்துவோரும் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோரும் உளர். ஆகவே, நறுமணப் பொருள்கள் இந்நோய்க்கு மருந்தாகுமா என்பதை இவ்விதழில் ஒரு பாடமாக ஆராய்வோம்.

1. நோயின் இயல்பு

வயது வந்தோரின் கல்லீரல் ஏறத்தாழ 1.5 கிலோ எடை உடையது. உண்ணும் உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரையையும் கொழுப்பையும் பிரித்து, சேமித்து, வழங்கும் பண்டகசாலை அது. தேவைக்கு மிஞ்சிய சோறும் இனிப்பும் உட்செல்லும்போது, அவற்றின் ஒரு பகுதியைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலில், பிற இடங்களில் உள்ள கொழுப்பும் கரைந்து கல்லீரலை வந்தடைகிறது. கல்லீரல் உயிரணுக்களில் 5 விழுக்காட்டிற்கு மேற்பட்டவற்றில் கொழுப்பு படிந்திருப்பின் அதுவே கொழுப்புக் கல்லீரல் நோய்.

இந்நோய் படிப்படியாக வளர்வது. முதற்படி கொழுப்பு படிதல். இரண்டாம் படி அழற்சி. மூன்றாம் படி தழும்பு. நான்காம் படி கல்லீரல் சுருக்கம். சிலருக்குப் புற்றுநோயும் தோன்றக்கூடும். எல்லோரும் கடைசிப் படியை எட்டுவதில்லை. ஆயினும் முதல் மூன்று படிகளிலும் பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ இராது என்பதே இந்நோயின் வஞ்சகம்.

"நம் இல்லங்களில் புலால் இல்லை, மது இல்லை, கல்லீரல் நோய் நம்மை அணுகாது" என்ற எண்ணம் பிழையானது. மது அருந்தாதவருக்கும் இத்தகைய அழற்சி வரும் என்பதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லுட்விக் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1980-ஆம் ஆண்டிலேயே விளக்கிப் பெயரிட்டனர். உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறே இதற்கு அடிப்படை என்பது புலப்படுமாறு 2023-இல் அறிஞர் பலர் கூடி நோயின் பெயரையே மாற்றினர். 2021-இல் இந்திய அரசு தனது தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் இதனையும் சேர்த்தது. எனவே இஃது அயலார் நோயன்று. அரிசிச் சோறும் நெய்ப் பலகாரமும் மிகுந்த நம் இல்லத்து நோயுமாகும்.

2. ஆய்வுகள் கூறுவன

மஞ்சளின் நிறத்திற்குக் காரணமான குர்க்குமின் என்னும் பொருளே மிகுதியாக ஆராயப்பட்டது. ஈரான் நாட்டில் 2016-இல் வெளியான ஆய்வொன்றில் நோயாளிகள் 80 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு, உடலில் எளிதில் சேருமாறு சிறப்பாகத் தயாரிக்கப்பட்ட குர்க்குமின் 8 வாரம் கொடுக்கப்பட்டது. மறு பிரிவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரை. குர்க்குமின் உண்டோரில் 78.9 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரை உண்டோரில் 27.5 விழுக்காட்டினருக்கும் கல்லீரல் கொழுப்பில் முன்னேற்றம் காணப்பட்டது.

இது மகிழ்ச்சியூட்டும் செய்தியே. ஆனால் அந்நாட்டிலேயே 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும். அதில் இரு பிரிவினரும் உணவையும் உடற்பயிற்சியையும் சீர் செய்தனர். ஒரு பிரிவினர் மட்டும் நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் குர்க்குமினும் 12 வாரம் உண்டனர். முடிவில், வாழ்க்கை முறையை மட்டும் திருத்தியோரைக் காட்டிலும் குர்க்குமினும் சேர்த்து உண்டோர் சிறப்பான பயன் அடைந்ததாகத் தெரியவில்லை.

இஞ்சிப் பொடி நாளொன்றுக்கு 2 கிராம் வீதம் 12 வாரம் உண்டோர்க்குக் கல்லீரல் நொதியும் அழற்சியும் குறைந்தன; தழும்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஏலக்காயை 87 பேரிடத்தும், இலவங்கப்பட்டையை 50 பேரிடத்தும் ஆராய்ந்தபோதும் சில நன்மைகள் தென்பட்டன. இவையாவும் சிறு எண்ணிக்கையினரிடம், சில வாரங்களே நடைபெற்றவை. ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலில் கற்பிப்பது, எடுத்துக்காட்டு வேறு, மெய்ப்பிப்பு வேறு என்பதாகும். இவ்வாய்வுகள் நம்பிக்கை தரும் எடுத்துக்காட்டுகள். தழும்பு மறையும், சுருக்கம் தடுக்கப்படும் என்பதற்கு மெய்ப்பிப்புகள் அல்ல.

3. ஒரு சிறு கணக்கு

சமையலறை மஞ்சளும் ஆய்வுக்கூட மாத்திரையும் ஒன்றா? மஞ்சள் தூளில் குர்க்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடே உள்ளது. அதாவது 1 கிராம் தூளில் 30 மில்லிகிராம். 1500 மில்லிகிராம் பெற வேண்டுமாயின் நாள்தோறும் 50 கிராம் தூள், அதாவது கடையில் விற்கும் சிறு பொட்டலம் முழுவதும் ஒருவரே உண்ண வேண்டும். இஃது இயலாது, கூடாது.

மேலும், உண்ட குர்க்குமினில் மிகச் சிறு பகுதியே குருதியில் கலக்கிறது. 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் சாரமான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்ப்பின் அவ்வளவு 20 மடங்காகிறது என்று பெங்களூரில் நிகழ்ந்த ஆய்வு 1998-இல் காட்டியது. பொங்கலிலும் ரசத்திலும் மஞ்சளோடு மிளகையும் சேர்க்கும் நம் வழக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் சமையல் அளவு, மாத்திரை அளவு ஆகாது.

4. மாத்திரையின் மறுபக்கம்

இயற்கைப் பொருளாதலின் தீங்கில்லை என்று கருதுதல் பெரும் தவறு. மருந்துகளால் விளையும் கல்லீரல் பாதிப்பை ஆராயும் அமெரிக்க மருத்துவர் குழுவினர், மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022-இல் எழுதினர். ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். பதின்மரில் எழுவருக்குக் குறிப்பிட்ட ஒரு மரபணு வகை இருந்தது. நமக்கு அம்மரபணு உண்டா இல்லையா என்பதை மாத்திரைப் புட்டி அறியாது. கல்லீரலைக் காக்க வாங்கிய பொருளே கல்லீரலைக் கெடுக்கக் கூடுமாயின், மருத்துவரைக் கேளாது அதனை உண்ணலாமா? குருதி உறையாமைக்கு மருந்து உண்போர் இரு மடங்கு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

பட்டையிலும் இரு வகை உண்டு. தடித்த காசியா வகையில் குமாரின் என்னும் பொருள் மிகுதி. அளவு மீறினால் அது கல்லீரலுக்கு ஊறு செய்யும். 60 கிலோ எடையுள்ளவர் நாள்தோறும் உண்பதாயின் 2 கிராமுக்கு மேற்படலாகாது என்பது ஜெர்மன் நாட்டு அரசு நிறுவனத்தின் கணக்கு. மென்மையான சுருள்களாக வரும் இலங்கைப் பட்டையில் குமாரின் மிகக் குறைவு.

நம்மவர் கருத வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. கேப்சூல்களின் மேலுறை பல விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. விளம்பரத்தில் மூலிகைப் படம் இருப்பினும் உறையின் மூலப்பொருளைப் படித்தறிக. பச்சை இஞ்சியை விலக்கியோர் சுக்கைப் பயன்படுத்தலாம். ஆய்வில் கொடுத்ததும் பொடியே.

5. மெய்யான மருத்துவம்

கியூபா நாட்டில் 293 நோயாளிகள் ஓராண்டுக் காலம் உணவையும் உடலுழைப்பையும் சீர் செய்தனர். அவ்வாய்வு 2015-இல் வெளிவந்தது. உடல் எடையில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தோருள் 90 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் அழற்சி நோய் நீங்கிற்று. 45 விழுக்காட்டினருக்குத் தழும்பும் குறைந்தது. திசுவை எடுத்துச் சோதித்துக் கண்ட முடிவு இது. 70 கிலோ எடையுள்ளவர்க்கு 10 விழுக்காடு என்பது 7 கிலோ. எந்த நறுமணப் பொருளும் இதுகாறும் இத்தகைய பயனைக் காட்டவில்லை.

அழற்சியும் நடுத்தர அல்லது முற்றிய தழும்பும் உடையோர்க்கென ரெஸ்மெடிரோம் என்னும் மருந்தை 2024-இலும், செமாக்ளூடைட் என்னும் மருந்தை 2025-இலும் அமெரிக்க அரசு ஏற்றது. அவை மருத்துவர் தேர்ந்து தருவன.

நம் அறநூல்கள் கூறும் புறத்தவம் ஆறனுள், பசிக்குக் குறைவாக உண்ணும் அவமௌதரியமும், நெய், எண்ணெய், இனிப்பு முதலிய சுவைகளை விடும் ரஸபரித்தியாகமும் உள்ளன. அவை ஆன்ம நலம் கருதியவை. ஆயினும் இன்றைய மருத்துவம் கல்லீரலுக்குக் கூறும் அறிவுரையும் அவற்றை ஒத்திருத்தல் காண்க. கதிரவன் மறையுமுன் உண்டாலும் அளவு மிஞ்சினால் கொழுப்பே. பகலெல்லாம் நோன்பிருந்து பாரணையில் இனிப்பை நிரப்பினாலும் அவ்வாறே. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்ட பின்னரே நோன்பு மேற்கொள்க.

6. இல்லத்தில் செய்யத்தக்கன

சோற்றைக் குறைத்துக் காய்களையும் பருப்பையும் கூட்டுக. வாரம் 150 நிமிடம் விரைந்து நடக்க. எடையை மெல்ல மெல்லக் குறைக்க. திடீர்ப் பட்டினி கல்லீரலுக்கு ஆகாது. மஞ்சள், மிளகு, சீரகம், ஏலம் ஆகியவற்றைச் சமையலில் வழக்கம்போல் சேர்க்க. அவற்றின் மணம் இருப்பின் எண்ணெயும் உப்பும் குறைந்தாலும் உணவு சுவைக்கும். இதுவே அஞ்சறைப்பெட்டி கல்லீரலுக்குச் செய்யும் ஐயமற்ற உதவி. சர்க்கரை நோயோ பருத்த வயிறோ உடையோர் குருதிச் சோதனை செய்து கொள்க. வயது, இரு கல்லீரல் நொதிகள், தட்டணு எண்ணிக்கை ஆகிய நான்கைக் கொண்டே தழும்பு இருக்கக்கூடுமா என மருத்துவர் கணிப்பார்.

பயிற்சி வினாக்கள்

அ. நால்வர் உள்ள இல்லத்தில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் செலவாயின், ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை மில்லிலிட்டர்? உங்கள் இல்லத்துக் கணக்கையும் போட்டுப் பார்க்க. (முதற் கணக்கின் விடை: 25)

ஆ. மஞ்சள் தூளும் மஞ்சள் மாத்திரையும் வேறுபடும் இரண்டு வகைகளைக் கூறுக.

இ. வீட்டில் எவரேனும் மாத்திரைப் புட்டி வைத்திருப்பின் அதன் மேலெழுத்தை உரக்கப் படித்து, குர்க்குமின் அளவு, மிளகுச் சாரம், உறையின் மூலப்பொருள் ஆகியவற்றைக் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுக.