குளத்தைக் காக்கும் சங்கமும் ஊராரின் ஒத்துழைப்பும்

கோயமுத்தூர்ச் சீமை மழை குறைந்த பிரதேசம். வெள்ளியங்கிரி மலைச்சாரலில் உற்பத்தியாகும் நொய்யலாறு, கரூர் ஜில்லாவில் காவிரியுடன் கலக்கும் வரையில், வருஷத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பது யாவரும் அறிந்ததே. அது பற்றியே முன்னோர்கள் சித்திரைச்சாவடி முதலான அணைகளைக் கட்டி, ஒரு குளம் நிரம்பி மறு குளத்திற்குப் பாயுமாறு வாய்க்கால்களை அமைத்தனர். குளங்களைப் பேணுவது குடிமராமத்து வழக்கப்படி ஆயக்கட்டுதாரர்களின் பொறுப்பாக இருந்தது. அவ்வழக்கம் நாளடைவில் தேய்ந்துபோகவே, குளங்களில் வண்டலும், நகரத்தையடுத்த இடங்களில் சாக்கடையும் நிறைந்தன.

2003-ஆம் வருஷத்தில் கோயமுத்தூரில் சிறுதுளி என்னும் தர்ம ஸ்தாபனம் ஏற்பட்டது. தொழிலதிபர்கள் பலர் இதில் முன்னின்றனர். கிருஷ்ணாம்பதி முதலிய குளங்களில் தூர் வாரும் வேலையை இந்த ஸ்தாபனம் மேற்கொண்டது. 2013-ஆம் வருஷக் கோடையில், 300 ஏக்கருக்கு மேற்பட்ட உக்கடம் பெரியகுளத்தில் மாநகராட்சியும், சிறுதுளி முதலான ஸ்தாபனங்களும், பொதுஜனங்களும் சேர்ந்து வேலை செய்தனர். மண்வெட்டி பிடித்தறியாத நகரவாசிகளும் கரைக்கு வந்தனர். இயந்திரம் ஒரு மணி நேரத்தில் அள்ளும் மண்ணை அவர்கள் ஒரு நாளிலும் அள்ளியிரார் என்பது மெய்யே. ஆயினும், தான் மண் சுமந்த குளத்தில் குப்பை கொட்ட எவனுக்கும் மனம் வராது; அந்தப் பயனை இயந்திரம் தராது.

இத்தகைய வேலையில் இறங்கும் சங்கத்தார் முதலில் ஆராய வேண்டியது, குளம் யாருடையது என்பதன்று. குளத்தினால் பிழைப்பவர் யார் யார் என்பதே. குளம் ஸர்க்காருடையது, அனுமதியின்றி ஒரு கூடை மண்ணும் எடுக்கலாகாது. ஆயினும் மீன் குத்தகைதாரர், ஆடு மாடு மேய்ப்போர், கடைமடைக்காரர் ஆகிய அனைவருக்கும் அதில் பாத்தியதை உண்டு. இவர்களில் ஒருவரை விட்டுவிட்டுக் கூட்டம் போட்டால், வேலை பாதியில் இருக்கும்போது அவரே ஆட்சேபிப்பார். அவர் ஆட்சேபிப்பதும் நியாயமே.

கொங்கு நாட்டில் மற்றொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. குளம் நிரம்பினால் சுற்றிலுமுள்ள கிணறுகளில் ஊற்று ஏறுகிறது. ஆயக்கட்டுப் பதிவேட்டில் பெயரில்லாத தோட்டக்காரரும் இதனால் பெரும் லாபம் அடைகிறார். பழைய குடிமராமத்தில் அவருக்குப் பொறுப்பு இல்லை. இன்றைய சங்கத்தில் அவரையும் சேர்த்து, கிணற்றுக்கு இவ்வளவு என்று பணமோ வண்டியோ பெறுவது முறை. 2017-ல் தமிழ்நாடு ஸர்க்கார் குடிமராமத்தைப் புதுப்பித்தபோது, செலவில் 10 சதவீதம் பாசனதாரர் பங்காக ஏற்பட்டது. பங்கு போட்டவன் கணக்குக் கேட்பான். கணக்குக் கேட்கும் உறுப்பினரைக் கண்டு நிர்வாகிகள் முகம் சுளிக்கலாகாது.

மேல்மடைக்காரரைச் சேர்த்துக் கொள்ளாததன் விளைவுக்கு ஒரத்துப்பாளையம் அணையே சாட்சி. பாசனத்துக்கென 1992-ல் திறக்கப்பட்ட அவ்வணையில் திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கி, அந்த நீரே பயிருக்கு விஷமாயிற்று. நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் பல வருஷங்கள் நீதிமன்றத்தில் வழக்காடி, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவு பிறந்தது. அதனால் நெசவு, சாயத் தொழிலாளரின் பிழைப்பும் கெட்டது. கழிவு நீர் ஓடத் தொடங்கிய காலத்திலேயே இரு தரப்பாரும் ஒரு பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு சேதம் நேர்ந்திராது.

வண்டல் பங்கீட்டில்தான் சங்கங்கள் பெரும்பாலும் உடைகின்றன. டிராக்டர் உடையவர் முந்திக்கொண்டு, சிறு குடியானவர் வெறுங்கையுடன் நிற்பதே காரணம். 2017-ஆம் வருஷ விதிப்படி நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டரும் இலவசமாக எடுக்கலாம். 2024 முதல் தாசில்தாரே அனுமதி வழங்குகிறார். கிராம நிர்வாக உத்தியோகஸ்தர் நில விவரங்களைச் சரிபார்த்துக் கொடுத்தால், வரிசைப்பட்டியலைச் சாவடியில் ஒட்டி, வாடகை வண்டியைப் பொதுவில் அமர்த்தி, சிறு நிலக்காரருக்கு முதலில் அளிக்கலாம்.

கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரை பலமிழக்கும். ஆங்காங்கே பள்ளம் பறிக்காமல் சமமாக வார வேண்டும். செம்மண், மணற்சாரி நிலங்களுக்கு வண்டல் மிக்க பயன் தரும். கரிசல் நிலத்துக்கு அவ்வளவாகத் தேவையில்லை. சாக்கடையோ ஆலைக் கழிவோ கலந்த குளத்தின் வண்டலை, மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்த பின்னரே வயலில் இடுக.