நாஸி டாகாங்: ‘வியாபாரச் சோறு’ சொல்லும் பாடம்

மலேசியாவின் கிழக்குக் கரையில் திரங்கானு, கிளந்தான் என இரண்டு மாநிலங்கள் உள்ளன. அங்கு காலை உணவாக ‘நாஸி டாகாங்’ என்றொரு சோறு விற்கப்படுகிறது. மலாய் மொழியில் ‘நாஸி’ என்றால் சோறு, ‘டாகாங்’ என்றால் வியாபாரம். ஊறவைத்த அரிசியை ஆவியில் அவித்து, தேங்காய்ப்பால் கலந்து, சின்ன வெங்காயம், இஞ்சி, வெந்தயம் சேர்த்து மீண்டும் அவிப்பார்கள். தொட்டுக்கொள்ளச் சூரை மீன் குழம்பு. வெந்தயத்தை மலாய்க்காரர் ‘ஹல்பா’ என்கிறார்கள். அது அரபியில் ‘ஹுல்பா’. கடல் கடந்து போன வியாபாரிகளின் தடம் ஒரு சோற்றுச் சட்டிக்குள் இன்னும் இருக்கிறது.

மலாய் உணவைப் பற்றி வியாபாரப் பக்கத்தில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு.

நான் செலுத்திய கட்டணம்

சில வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு மொத்த வியாபாரியிடம் ‘மலாய் ரெண்டாங் மசாலா’ என்று அச்சிட்ட பைக்கற்றுகள் நாற்பது பெட்டி வாங்கினேன். விலை மலிவு, உறையும் அழகு. பதின்மூன்று பெட்டி விற்ற பின்னர், எங்கள் பகுதியில் வசிக்கும் வயதான மலாய்த் தாயொருவர் கடைக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையை வாசித்தார். “மகன், இதில் பேரரத்தையும் இல்லை, சேரையும் இல்லை. இறைச்சிக் கறித்தூளுக்கு எங்கட பேரைப் போட்டிருக்கிறாங்க” என்றார். பின்னர், “ஹலால் என்று எழுதியிருக்கு, யார் கொடுத்தது?” என்று கேட்டார். உறையைப் புரட்டிப் பார்த்தேன். அத்தாட்சி வழங்கிய நிறுவனத்தின் பெயரே இல்லை. எஞ்சிய இருபத்தேழு பெட்டிகளையும் தட்டிலிருந்து இறக்கினேன். மொத்த வியாபாரி திருப்பி எடுக்கவில்லை. பணம் போனது பெரிதல்ல. வாங்கிச் சென்றவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அதன் பிறகே மலாய்ச் சமையலைப் படிக்கத் தொடங்கினேன்.

சட்டிக்குள் என்ன இருக்கிறது?

மலாய்ச் சமையலின் அடித்தளம் ‘ரெம்பா’ எனப்படும் அரைத்த விழுது. சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, காய்ந்த மிளகாய், மஞ்சள், ‘செராய்’ என்னும் எலுமிச்சம்புல், ‘லெங்குவாஸ்’ என்னும் பேரரத்தை ஆகியவை இதில் சேரும். விழுதை எண்ணெயில் இட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை வதக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் பச்சை வாடை போகாது.

அடுத்தது ‘சந்தான்’ என்னும் தேங்காய்ப்பால். வறுத்த தேங்காய்த்துருவலை எண்ணெய் கசியும்வரை இடித்தால் அது ‘கெரிசிக்’. ரெண்டாங்கின் நிறமும் மணமும் இதில் தங்கியிருக்கின்றன. மூன்றாவது ‘பெலாச்சான்’. சின்ன இறாலை உப்பிட்டு, புளிக்கவைத்து, இடித்துக் காயவைத்த கட்டி இது. நெருப்பில் சுட்டு, மிளகாயுடன் இடித்தால் சம்பல் ஆகிவிடும். நமது வீட்டுச் ‘சம்பல்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உள்ள உறவைச் சொல்லத் தேவையில்லை.

மற்றவை நமக்குப் புதியவை அல்ல. ‘பாண்டான்’ என்பது நமது ரம்பை இலை. ‘இக்கான் பிலிஸ்’ என்பது நெத்தலிக் கருவாடு. ‘அசாம் கெப்பிங்’ நமது கொறுக்காயின் இனத்தைச் சேர்ந்த ஒரு பழத்தைச் சீவிக் காயவைத்தது. ‘குலா மெலாக்கா’ தென்னம் பாளைப் பதநீரில் காய்ச்சிய கருப்பட்டி. கிளந்தானின் ‘நாஸி கெராபு’ என்ற நீலச் சோற்றுக்கு நிறம் கொடுப்பது நம் வேலியில் படரும் சங்குப்பூ. பெலாச்சானை விட்டால் பெரும்பாலான சரக்கு நமது கடைகளிலும் தோட்டங்களிலும் உள்ளதுதான்.

பொறுமையே பாதுகாப்பு

குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்து வியாபாரிக்கும் பயணிக்கும் கெடாத உணவு தேவைப்பட்டது. மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவு மக்கள் தந்த ரெண்டாங் அத்தகையது. அவர்களின் வழிவந்தோர் வாழும் நெகிரி செம்பிலானிலும் இது புகழ்பெற்றது. இறைச்சியைத் தேங்காய்ப்பாலில் மூன்று நான்கு மணித்தியாலம் சிறு நெருப்பில் வைத்து, ஈரம் வற்றி, எண்ணெயில் கறுத்து வரும்வரை கிளறுவார்கள். இதனையும் தாண்டி, இறைச்சி நாராகி உலரும்வரை வறுத்தால் ‘செருண்டிங்’. கிளந்தான் செருண்டிங் ஹஜ் பயணிகளின் பெட்டியில் மக்காவரை செல்கிறது. மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி கொண்டு மணிக்கணக்கில் கிண்டும் தொதல் ஹம்பாந்தோட்டைத் தெருவோரத்தில் இன்றும் விற்கப்படுகிறது. ஒல்லாந்தர் காலத்தில் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டவராகவும் இங்கு வந்த மலாய் மக்களின் கொடை அது.

எங்கே உண்ணலாம்?

சரக்கு எடுக்கக் கோலாலம்பூர் செல்லும் நம்மவர்கள் பலர் ரொட்டி சானாய், தே தாரிக், நாஸி கண்டார் சாப்பிட்டுவிட்டு மலாய் உணவு உண்டதாகச் சொல்கிறார்கள். இவை இந்திய முஸ்லிம் கடைகளின் தயாரிப்புகள். நாஸி கண்டார் பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் காவடியில் சுமந்து விற்ற சோறு. நல்ல உணவுதான், ஆனால் அது நம் இனத்தவரின் கைப்பக்குவம்.

மலாய் உணவு தேடுவோர் கோலாலம்பூரில் கம்போங் பாருவுக்குச் செல்லலாம். தேங்காய்ப்பாலும் பாண்டானும் சேர்த்து வடித்த நாஸி லெமாக், மிளகாய்ச் சம்பல், நெத்தலி, வறுத்த கச்சான், வெள்ளரிக்காய், முட்டையுடன் அங்கு கிடைக்கும். சாத்தேக்கு அருகிலுள்ள காஜாங் நகர் பெயர்பெற்றது. சிங்கப்பூரில் கேலாங் சிராய்ச் சந்தையின் மேல்மாடியும், சுல்தான் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கம்போங் கிளாம் பகுதியும் நல்ல இடங்கள். ரமழானில் சென்றால் அஸருக்குப் பிறகு கூடும் ரமழான் சந்தைகளைத் தவறவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் மேலாக, கிளந்தானின் கோத்தா பாருவில் சித்தி கதீஜா சந்தையை ஒரு வியாபாரி பார்க்க வேண்டும். விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வியாபாரியாக இருந்த அன்னை கதீஜா (ரழி) அவர்களின் பெயர் அந்தச் சந்தைக்குப் பொருத்தமாக அமைந்திருக்கிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. பெயருக்கு ஏற்ற பொருள் வேண்டும். ரெண்டாங் என்று விற்றால் பேரரத்தையும் எலுமிச்சம்புல்லும் இருக்க வேண்டும். இல்லையேல் இறைச்சிக் கறித்தூள் என்றே போடுங்கள்.

2. ஹலால் என்ற எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள், வழங்கியவரைப் பாருங்கள். மலேசியாவில் 2012 முதல் ஜாகிமும் மாநில இஸ்லாமிய மார்க்க அமைப்புகளும் மட்டுமே அத்தாட்சி வழங்கலாம். நமது நாட்டில் 2013 வரை ஜம்இய்யத்துல் உலமா செய்த பணியை 2014 முதல் ஹலால் அக்ரெடிடேஷன் கவுன்ஸில் செய்து வருகிறது. அத்தாட்சி இலக்கத்தையும் முடிவுத் திகதியையும் கேட்டு வாங்குவது நமது உரிமை.

3. கையிலிருக்கும் சரக்கின் மதிப்பை அறியுங்கள். ரம்பை, எலுமிச்சம்புல், பேரரத்தை மூன்றையும் கட்டாகக் கட்டி, சமைக்கும் முறையை ஒரு துண்டில் எழுதி வைத்தால் அதுவே புதிய சரக்கு. செய்முறையை நம் ஊர் மலாய்த் தாய்மாரிடம் கேளுங்கள். அவர்களுக்குரிய கூலியையும் கொடுங்கள்.

மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, அதன் வியாபாரியைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் செய்தி நாம் அனைவரும் அறிந்ததே. எனது இருபத்தேழு பெட்டிகளும் அப்படியொரு குவியல்தான். உள்ளே கைவிட்டுப் பார்த்தவர் அந்த மலாய்த் தாய். அந்த வேலையை வாங்கும்போதே நான் செய்திருக்க வேண்டும்.