எழ உதவும் நாற்காலி

கேள்வி: மூட்டுத் தேய்வால் எழச் சிரமப்படும் முதியவருக்கு லிஃப்ட் நாற்காலி வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மின்மோட்டாரின் விசையால் இருக்கையை மெல்ல உயர்த்தி, முன்புறம் சாய்த்து, அமர்ந்திருப்பவரை ஏறத்தாழ நிற்கும் நிலைக்குக் கொண்டுவருவதே லிஃப்ட் நாற்காலி என்பதால், எழுந்தபின் அவரால் தம் கால்களில் எடையைத் தாங்கி நிற்க இயலுமா என்பதை இயன்முறை மருத்துவரிடம் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். முதுகு சாய்மானத்தில் படிய அமரும்போது பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிந்து, முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே 2 விரல் நுழையும் இடைவெளி இருப்பதே பொருத்தமான அளவு. ஒற்றை மோட்டார் வகையில் முதுகுச் சாய்வும் கால்தாங்கியும் இணைந்தே நகர, இரட்டை மோட்டார் வகையில் அவை தனித்தனியே இயங்குவதால், நிமிர்ந்து அமர்ந்தபடியே கால்களை உயர்த்திக்கொள்ள முடியும். மின்தடையின்போது முதியவர் பாதி சாய்ந்த நிலையில் சிக்கித் தவிக்காதிருக்க, மாற்று பேட்டரி இன்றியமையாதது.