வாவிக்கரை வீட்டுக்குக் கணினி வாங்குதல்

மட்டக்களப்பு அமிர்தகழியில் ஒரு வீட்டுக்குக் கணினி வாங்குவதும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டுக்கு வாங்குவதும் ஒன்றல்ல. பெட்டி ஒன்றாக இருக்கலாம், விலையும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் இங்கே வாவிப் பக்கமிருந்தும் கடற்பக்கமிருந்தும் உப்புக்காற்று வருகிறது. மாரியில் சுவர் வியர்க்கிறது. சித்திரையிலும், பிறகு ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரத்து இடிமின்னல் வருகிறது. பழுதானால் பொருளைப் பார்க்கும் சேவை நிலையமோ பெரும்பாலும் கொழும்பில், 300 கிலோமீற்றருக்கு அப்பால். எந்த புரொசசர், எத்தனை ஜிபி என்று கேட்பதற்கு முன்னர், "இது பழுதாப்போனா எங்க கொண்டுவாறது, எத்தனை நாளில தருவீங்க?" என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தவை.

முதலில் வீட்டின் மின்சாரம்

கடைக்குப் போவதற்கு முன் கணினி வைக்கப்போகும் மூலையைப் பாருங்கள். பழைய வீடுகளில் உருண்டை முள் சொக்கெட்டுகளே இருக்கும். இப்போது வரும் பொருட்களோ 13 ஆம்பியர் சதுர முள்ளோடு வருகின்றன. இடையில் ஓர் அடப்டரைச் செருகிச் சமாளிப்பது நம்மிடையே சாதாரணம். மலிவான அடப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பே இல்லை. உலோக உடல் கொண்ட மடிக்கணினியைச் சார்ஜில் வைத்துத் தொடும்போது விரலில் மெல்லிய சுரசுரப்புத் தெரிந்தால், பெரும்பாலும் எர்த் இல்லை என்பதே பொருள். மின்னல் தடுக்கும் என்று விற்கப்படும் மல்ரி பிளக்கும் எர்த் இல்லாத இடத்தில் சரியாக வேலை செய்யாது. ஆகவே முதற்செலவு கணினிக்கல்ல. ஒரு மின்னியலாளரை அழைத்து அந்த ஒரு சொக்கெட்டையாவது 13 ஆம்பியருக்கு மாற்றி, எர்த் கம்பியையும் ட்ரிப் சுவிட்சையும் சோதித்துக்கொள்ளுங்கள். கணினியின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

அடுத்தது யுபிஎஸ். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டது. மின்சாரம் போவதைவிட, அது திரும்பி வரும்போது ஏறி இறங்கும் வோல்ற்றேஜ்தான் பவர் சப்ளையைக் கொல்கிறது. மேசைக் கணினி வாங்குவோருக்கு 650 விஏ யுபிஎஸ் போதும். அதன் உண்மையான வலு ஏறத்தாழ 360 வாற்று மட்டுமே. எழுதிக்கொண்டிருப்பதைச் சேமித்து ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடங்கள் தரும். அதற்குள் லேசர் பிரின்டரைச் செருகாதீர்கள், சூடாகும்போது அது இழுக்கும் மின்னை இந்த யுபிஎஸ் தாங்காது. உள்ளே இருக்கும் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். தனியாக மாற்றக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள். மடிக்கணினிக்கு யுபிஎஸ் தேவையில்லை. ரவுட்டருக்கு மட்டும் சிறிய 12 வோல்ற் பெட்டியொன்று இருந்தால் மின்வெட்டிலும் பிள்ளைகளின் வகுப்புத் தொடரும். ரவுட்டரின் அடப்டரில் எழுதியுள்ள வோல்ற்றையும் ஆம்பியரையும் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இடி முழங்கும்போது சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு இன்னும் உள்ள வீடுகளில் அந்தக் கம்பியையும், தொலைக்காட்சிக்கு வரும் அன்டெனா வயரையும் கழற்றுங்கள். ஃபைபர் இழை மின்னலைக் கடத்தாது. ஆனால் அந்த ரவுட்டரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

தேவையை எழுதிக்கொள்ளுங்கள்

இது சுருக்கமான வேலை. உயர்தரத்தில் படிக்கும் பிள்ளைக்கு, வீட்டுக் கணக்குக்கு, வெளிநாட்டு உறவுகளோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு 8 ஜிபி ரம்மும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் போதும். பழைய சுழலும் ஹாட் டிஸ்க் மட்டும் உள்ள இயந்திரத்தை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வேண்டாம் என்று விடுங்கள். கல்லடியில் சுவாமி விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிப்போர் வீட்டில் இருந்தால் மட்டும் நல்ல திரைக்கும் கூடுதல் ரம்முக்கும் பணம் ஒதுக்குங்கள். தமிழில் தட்டச்சு செய்பவர் பாமினி முறையில் பழகியவரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டியது பாமினி விசைமுறையிலேயே யுனிகோட் எழுத்தைத் தரும் மென்பொருள்தான், வேறு கணினியல்ல.

எங்கே வாங்குவது

மூன்று வழிகள் உண்டு: மட்டக்களப்பு நகரக் கடை, கொழும்பு, இணையம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரே கூரையின் கீழ்க் கடைக்குக் கடை விலை கேட்கலாம். மட்டக்களப்பைவிடக் குறைவாகவும் கிடைக்கும். உதயதேவி ரயிலில் போய் வரும் செலவு, ஒரு நாள் சம்பளம், திரும்பும் வழியில் பெட்டியை மடியில் வைத்துக் காக்கும் பாடு எல்லாவற்றையும் அந்த விலைக் குறைவிலிருந்து கழித்துப் பாருங்கள். பழுதுக்காக இன்னொரு தடவை போய் வரும் செலவையும் கழியுங்கள். மிஞ்சுவது சிறியது என்றால் நகரத்திலேயே வாங்குங்கள். எங்கள் வீட்டில் கொழும்பில் வாங்கிய மொனிட்டர் ஒன்று வொரண்டிக் காலத்திலேயே இருண்டபோது, அந்தக் கடை பெட்டியோடு நேரில் கொண்டுவரச் சொன்னது. நகரக் கடையில் வாங்கிய பிரின்டர் நின்றபோது கடைக்காரரே வேறொன்றைத் தற்காலிகமாகத் தந்துவிட்டு, பழுதானதைக் கொழும்புக்கு அனுப்பினார். விலை வித்தியாசம் அந்த ஒரு காரியத்திலேயே தீர்ந்துபோனது.

விலை கேட்கும்போது இரண்டு கேள்விகளை விடாதீர்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். சொன்ன விலையில் அது அடங்குமா என்பது முதற்கேள்வி. அந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பது இரண்டாவது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு பல கடைகள் பழைய விலையை நீண்ட நாள் வைத்திருப்பதில்லை. தவணையில் எடுப்பவர்கள் மாதக் கட்டணத்தை மாத எண்ணிக்கையால் பெருக்கி, முற்பணத்தையும் கூட்டி, கைக்காசு விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். ஊரில் சீட்டுப் பிடிப்பவர்கள் அந்தச் சீட்டுக்காசு கைக்கு வரும் மாதம் வரை பொறுத்தால் அந்த வித்தியாசம் முழுவதும் மிச்சம்.

இணையத்தில் வாங்கினால், கூரியர்காரர் நிற்கும்போதே கட்டை உடைத்து, உடைப்பதை இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். இங்குள்ள மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்த நாட்களில் கூரியர் வண்டியை எதிர்பார்க்க வேண்டாம். சனம் நிறைந்த வீதியில் அது வந்து சேராது. பெறுமதியான பார்சலை அந்தக் கிழமைக்கு வரவழைக்காதீர்கள்.

வொரண்டிச் சீட்டை நின்று படியுங்கள்

இதில்தான் வாவிக்கரைக்காரர் அதிகம் இழக்கிறார். காசு கொடுக்குமுன் சீட்டைக் கையில் வாங்கிப் படியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இது இலங்கை முகவரின் வொரண்டியா, கடை தரும் வொரண்டியா என்று முதலில் பாருங்கள். கடை வொரண்டி என்றால் கடை மூடப்பட்டதும் அதுவும் போயிற்று. அடுத்து, காலம். மேலே ஒரு வருடம் என்று எழுதி, அடியில் 350 நாள் என்று சிறிய எழுத்தில் போட்ட சீட்டுகள் உண்டு. மடிக்கணினிக்கு இரண்டு வருடம் தந்து, அதன் பற்றரிக்கும் சார்ஜருக்கும் குறைவாகத் தருவதும் வழக்கம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

பிறகு விலக்குகள். எரிந்த தடம், மின்னல், நீர், உடைவு, அத்தோடு துரு. கடைசிச் சொல்லைத் திரும்பப் படியுங்கள். வாவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்கிறவருக்கு இந்த விலக்கு சாதாரணமானதல்ல. மதர்போர்டில் பச்சைப் பூஞ்சணம் போல் செப்புத் துரு பிடித்திருந்தால், உண்மையான பழுது வேறெங்கோ இருந்தாலும், வொரண்டி செல்லாது என்று சொல்ல அது போதும். "அண்ணன், எங்கட வீடு அமிர்தகழி, உப்புக்காத்து வரும். துரு எண்டு சொல்லித் திருப்பி அனுப்புவீங்களா?" என்று வாங்கும் நாளிலேயே கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் நேராகப் பதில் சொல்வார். பதில் மழுப்பலாக இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

துருவைத் தள்ளிப்போட நம்மால் செய்யக்கூடியவையும் உண்டு. வாவியை நோக்கிய ஜன்னலோரம் கணினி வேண்டாம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வாரத்தில் சில நாளாவது அதை ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். உள்ளே தேங்கும் ஈரத்தை அந்தச் சூடு விரட்டும். நிறுத்தியவுடன் போர்த்தாதீர்கள், ஆறிய பிறகு போர்த்துங்கள். கச்சான் வீசும் மாதங்களில் பிரச்சினை புழுதியும் மணலும். அப்போது காற்றாடி வாயைத் தூரிகையால் துடையுங்கள்.

பாவித்த மடிக்கணினி வாங்குவோருக்கு

வெளிநாட்டு அலுவலகங்களிலிருந்து கழித்துவரும் டெல் லற்றிரியூட், எச்பி எலீட்புக், லெனோவோ திங்க்பாட் வகைகள் நல்ல கட்டுமானம் கொண்டவை. அதே விலைக்குக் கிடைக்கும் மெல்லிய புதிய இயந்திரத்தைவிட இவற்றையே நான் விரும்புவேன். உதிரிப்பாகம் கிடைக்கும், திருத்துபவருக்கும் பழகிய உடல். ஆனால் கண்ணால் பார்த்து வாங்கக்கூடாது, சோதித்து வாங்க வேண்டும்.

புரொசசரின் இலக்கத்தைப் பாருங்கள். ஐ5-8250 என்றால் எட்டாந் தலைமுறை, ஐ5-7200 என்றால் ஏழாந் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இன்டெல்லில், சில விலக்குகள் தவிர, எட்டாந் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். ஏழாந் தலைமுறையை மலிவாகத் தந்தால், லினக்ஸ் போட்டுப் பாவிக்கத் தயாரானவர் மட்டும் எடுக்கலாம்.

முழுதாக நிறுத்தி மீண்டும் இயக்கி, பயோஸுக்குள் நுழையச் சொல்லுங்கள். கடவுச்சொல் கேட்டால் அந்த இயந்திரத்தை விட்டுவிடுங்கள். பழைய அலுவலகத்தின் பூட்டு அதில் இன்னும் இருக்கிறது. பயோஸில் தெரியும் சீரியல் இலக்கம் அடிப்புறத்து ஒட்டியில் உள்ளதோடு பொருந்த வேண்டும், பில்லிலும் அதே இலக்கம் எழுதப்பட வேண்டும். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் பற்றரி அறிக்கை எடுக்கலாம். அதில் பற்றரியின் ஆரம்பக் கொள்ளளவும் இன்றைய முழுக் கொள்ளளவும் பக்கத்தில் நிற்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புதிய பற்றரியின் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் கொண்டுபோனால் எஸ்எஸ்டியின் நலத்தை நிமிடத்தில் காட்டிவிடும். திரையை முழு வெள்ளையிலும் முழுக் கறுப்பிலும் பாருங்கள். ஒவ்வொரு விசையையும் அழுத்துங்கள், ஒவ்வொரு யுஎஸ்பி துளையிலும் பென் டிரைவைச் செருகுங்கள். மூடியை மெதுவாகத் திறந்து மூடி, பிணைச்சல் கிறீச்சிடுகிறதா என்று கேளுங்கள். அடிப்புறத்து ஆணிகளில் துரு இருந்தால் அது ஏற்கெனவே ஒரு கரையோர வீட்டில் இருந்து வந்தது. அதற்கு மேல் சோதிக்க வேண்டியதில்லை.

தொலைபேசியும் சில்லறைப் பொருட்களும்

கைத்தொலைபேசி வாங்கும்போது நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் தெரியும். குறுஞ்செய்தியில் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 1909க்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று பதில் வரும். காசு கொடுப்பது அதற்குப் பிறகு. பெரிய கொள்ளளவு என்று மலிவாக விற்கும் பென் டிரைவில் உள்ளே சிறிய சில்லே இருப்பதுண்டு. கலியாணப் படங்களை நம்பி வைப்பதற்கு முன் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுவதும் எழுதி வாசித்துப் பாருங்கள்.

முதல் மாதம்

புதுப் பொருளை முதல் மாதத்தில் அலுங்காமல் வைத்திருக்காதீர்கள். நாள் முழுவதும் ஓடவிடுங்கள், கமராவையும் ஒலியையும் வைஃபையையும் எல்லாம் பாவியுங்கள். உற்பத்திக் குறைகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தலைகாட்டும். மாற்றித் தருவதற்கான நாட்களும் அப்போதுதான் கையில் இருக்கும். பெட்டியையும் உள்ளிருந்த தெர்மக்கோலையும் வொரண்டி முடியும் வரை அலுமாரிக்கு மேல் வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் நம் வெயிலில் சில மாதத்தில் வெளிறிவிடும், அன்றைக்கே படமெடுத்து இன்னொருவரின் தொலைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள்.

கடை கைவிரித்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது வியாபாரியின் கடமை. முறைப்பாடு எழுத்தில், பொருள் வாங்கிய மூன்று மாதத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். கடை "அடுத்த கிழமை வாங்கோ" என்று இழுத்தடிக்கும்போது இந்தக் கெடுவை மறக்காதீர்கள். அதிகார சபையின் தொலைபேசி எண் 1977. கடிதத்தோடு பில்லின் பிரதி, வொரண்டிச் சீட்டின் இரு பக்கப் பிரதி, சீரியல் இலக்கத்தின் படம், கடையோடு பேசிய திகதிகளின் பட்டியல் ஆகியவற்றை வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர் தரும் சீட்டையும் அதே கோப்பில் போட்டுவையுங்கள்.