கிணற்றடியில் ஒரு பாடம்

"கிணற்றிலே தண்ணீர் எங்கிருந்து வருகின்றது?" என்று ஒரு நாள் ஆறாம் வகுப்பிலே கேட்டேன். "மோட்டரிலிருந்து, சேர்" என்றான் முன்வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரித்தவர்களிடம் அதே வினாவைத் திருப்பினேன். சிரிப்பு அடங்கிற்று. விடை ஒருவரிடத்தும் இல்லை.

நீரைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் நீர்வேலியில் இது நிகழ்ந்தது. பிள்ளைகளைக் குறைகூறிப் பயனில்லை. துலா மிதித்து இறைத்த காலத்திலே நீரின் பாரத்தை உடல் அறிந்திருந்தது. இன்று ஆளியை அழுத்தினால் நீர் வந்துவிடுகின்றது. எளிதாய்க் கிடைப்பதைக் கண் காண்பதில்லை. காணாத இடத்திலே வியப்பு பிறப்பதுமில்லை.

மறுநாள் பாடத்தை அயலிலுள்ள தோட்டக் கிணற்றடிக்கு மாற்றினேன். "என்ன மாஸ்ரர், பள்ளிக்கூடம் கிணத்தடிக்கு வந்திட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டே தோட்டக்கார ஐயா இடம் ஒதுக்கித் தந்தார்.

பிள்ளைகளுக்கு நான் சொன்னது இதுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரை பெய்யும் மாரிமழையே நமது முதல். அந்த மழை செம்மண்ணை ஊடுருவி, அடியிலுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. அதற்கும் கீழே, கடலோடு தொடர்புடைய உவர்நீர் இருக்கின்றது. உவர்நீர் பாரமானது, நன்னீர் பாரம் குறைந்தது. ஆகவே நன்னீர் ஒரு வில்லைபோல உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. நமக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் உண்டு.

பின்னர் ஒரு கண்ணாடிக் குவளையிலே உப்பைக் கரைத்து, சலவை நீலம் சிறிது கலந்து, அதன்மேல் கரண்டி வழியே நல்ல தண்ணீரை மெதுவாக வார்த்தேன். இரண்டும் கலக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாய் நின்றன. பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்த்தனர். பப்பாசித் தண்டுக் குழாயை நன்னீருக்குள் விட்டு ஒருத்தி விரைவாக உறிஞ்சினாள். சிறிது நேரத்தில் நீலம் கலங்கி மேலே ஏறிற்று. "உப்பு, சேர்!" என்று முகத்தைச் சுளித்தாள். கிணறுகள் உவராகும் விதத்தை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞரின் கணக்கு. மேலே ஓர் அடி நிலையாகக் குறையுமானால், கீழிருந்து உவர்நீர் ஏறத்தாழ 40 அடி உயர இடமுண்டு. இவ்வளவு மெல்லிய சமநிலையின்மேலா நமது வாழைத்தோட்டமும் வீட்டுப் பானையும் நிற்கின்றன! இதனை அறிந்தபின் கிணற்றை முன்போலப் பார்க்க முடியுமா?

அமெரிக்க உயிரியலாளர் ரேச்சல் கார்சன் 1956இல் ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளையின் வியப்புணர்ச்சி மங்காதிருக்க, அதனோடு சேர்ந்து வியக்கும் பெரியவர் ஒருவரேனும் வேண்டும் என்பது அதன் கருத்து. பூச்சிகொல்லிகளின் தீங்கை 1962இல் உலகுக்கு எடுத்துரைத்த நூலின் ஆசிரியரும் அவரே. வியந்து பார்த்த கண்ணே ஆபத்தையும் கண்டது.

நம்பிக்கையைப் பற்றியும் ஒரு சொல். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அவர்களில் நானும் ஒருவன். 1996இல் ஊர் திரும்பியபோது வீட்டிற்குக் கூரை இல்லை. கிணறு சருகால் மூடிக்கிடந்தது. வாழைகள் கருகிச் சாய்ந்திருந்தன. வெட்டி எறியக் கத்தியை எடுத்துக் குனிந்தபோதுதான் கண்டேன்: செத்த மரத்தினடியிலே சுருள் விரியாத குட்டிகள் இரண்டு.

நாம் வாழைமரம் என்பது உண்மையில் இலைமடல்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் தண்டு. உயிரின் இருப்பிடம் நிலத்தின் கீழுள்ள கிழங்கு. ஒரு முறை குலை ஈன்று தாய் மடிகின்றது. கிழங்கிலிருந்து குட்டி எழுகின்றது. சிறுவயது முதல் வாழைக்குள்ளே வளர்ந்த நான் இதை அறியாதவனல்லன். ஆயினும் அன்றுதான் அதனைக் கண்டேன். கிணற்றைத் துப்புரவாக்கி, முதலில் ஊறிய நீரை அந்தக் குட்டிகளுக்கே வார்த்தேன்.

எல்லாம் தாமாக நலமாகிவிடும் என்று எண்ணிக் கைகட்டியிருப்பது நம்பிக்கையாகாது. குட்டி இருந்தது, நீர் வார்க்கக் கையும் வேண்டியிருந்தது. கிணற்றின் கதையும் அதுவே. தேவைக்கு மேல் இறைத்தால் உவர் ஏறும். அளவின்றி இட்ட உரம் மண்ணூடு வடிந்து கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேரும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டில் செறிவாகப் பயிரிடும் பகுதிகளிலே அவ்வளவைத் தாண்டிய கிணறுகள் பல உள்ளன என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாரிநீரை வீணே கடலுக்கு விடாது நிலத்துள் இறங்கச் செய்வதும், உரத்தை அளந்து இடுவதும் நம் கைக்கு எட்டிய காரியங்கள்.

அடுத்த வாரம், "மோட்டரிலிருந்து" என்று விடை சொன்ன அதே சிறுவன் ஒரு கயிற்றுடன் வந்தான். அதிலே இரண்டு முடிச்சுகள். "இது விடியக் கிணத்துத் தண்ணி நிண்ட மட்டம், சேர். இது இறைச்சு முடிஞ்சாப்பிறகு" என்றான். இரண்டு முடிச்சுகளுக்கும் இடையே ஒரு முழத்துக்கு மேலிருந்தது. "பிறகு ஏறினதோ?" என்று கேட்டேன். "இரவு முழுக்க ஊறி, விடிய முதல் முடிச்சுக்குக் கிட்ட வந்திட்டுது" என்றான். அவன் கண்களில் அன்றிருந்த ஒளியை எந்தப் பரீட்சைத்தாளிலும் நான் கண்டதில்லை.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் கிணறு உண்டு. இன்று மாலை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் உள்ளே எட்டிப் பாருங்கள். அவன் கேட்கும் வினாவுக்கு விடை தெரியாவிட்டாலும் வெட்கப்பட வேண்டாம். இருவருமாகச் சேர்ந்து ஒரு கயிற்றிலே முடிச்சுப் போடுங்கள்.