மூடினால் தெரியாது

கட்டட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஒரு பழைய மேஸ்திரி சொல்வது. பூச்சில் கோணல் இருந்தால் வீட்டுக்காரர் அன்றைக்கே கேட்டுவிடுவார். கான்கிரீட்டுக்குள் போன தப்பை யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் அதற்குக் கூடுதலாகப் பயப்பட வேண்டும்.

1. தண்ணீரை அளந்து ஊற்று. ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்று போடும் எம்20 கலவைக்கு, 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர்தான் உச்சம். 15 லிட்டர் குடமானால் இரண்டு, அதோடு சரி. மழையில் நனைந்த மணலென்றால் இன்னும் குறை. சிமெண்ட் இறுகுவதற்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். மிச்சம் காய்ந்துபோன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைதான். "இளக்கமாப் போடுப்பா, இழுக்க லேசா இருக்கும்" என்று மேலேயிருந்து ஒருவர் குரல் கொடுப்பார். கொடுக்கட்டும். வைப்ரேட்டர் எதற்கு இருக்கிறது?

2. மணலையும் ஜல்லியையும் சட்டிக் கணக்கில் போடாதே. காலையில் குவித்து அள்ளிய சட்டி, சாயங்காலம் கை சலித்ததும் முக்கால் சட்டியாகிவிடும். 35 லிட்டர் பெட்டி ஒன்று அடித்து வை. ஒரு மூட்டை சிமெண்ட்டின் அளவும் ஏறக்குறைய அதுவே.

3. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வை; தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40. ஜல்லிக்கல்லைச் செருகுகிறவர்கள் உண்டு. நாலு பேர் மேலே நடந்தால் கல் நழுவிவிடும், கம்பி தகரத்தில் போய் உட்காரும். பிறகு துரு ஏறிக் கம்பி ஊத, கூரைக் காரை பொத்தென்று விழும். கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

4. முட்டுக்கால்களைப் பிரிக்க அவசரப்படாதே. தள அகலம் நாலரை மீட்டருக்குள் என்றால் 7 நாள், அதற்கு மேல் 14. பீம் 6 மீட்டரைத் தாண்டினால் 21 நாள். இது சாதாரண சிமெண்ட்டுக்கான கணக்கு. சாம்பல் கலந்த பி.பி.சி. என்றால் இன்ஜினியரைக் கேட்காமல் தொடாதே. ஜாக்கி வாடகை ஏறுகிறது என்று ஒப்பந்தக்காரர் முணுமுணுப்பார். வாடகை அவர் பிரச்சினை, அடியில் நிற்பது நீ. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் விடுவதையும் இரண்டு வாரத்துக்கு நிறுத்தாதே.

5. இதை மட்டும் இரண்டு தடவை படி. நிலத்தடித் தொட்டிக்கு மேல்தளம் போட்டு, மூடி வைத்திருப்பார்கள். நாள் கழித்து உள்ளே இருக்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒருவன் இறங்குவான். புதுத் தொட்டிதானே, சாக்கடை ஒரு சொட்டு விழவில்லையே என்று நினைப்பான். ஈரப் பலகையும் சவுக்குக் கட்டையும் மக்கி, உள்ளே இருந்த ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். நாற்றம் வராது, கண் எரியாது. ஏணியில் பாதி இறங்கும்போதே ஆள் சரிவான். தூக்கப் போகிறேன் என்று இறங்குகிற அடுத்தவனும் சரிவான். இப்படி இரண்டு பேர், மூன்று பேராகச் சாவது நம் ஊரில் புதிதல்ல.

எல்லா மூடியையும் திற. பிளோயர் வைத்துக் காற்றடி, வேலை முடிகிறவரை நிறுத்தாதே. காற்றளக்கும் கருவி கேள்; ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யார் சொன்னாலும் இறங்காதே. இறங்குகிறவன் உடம்பில் பெல்ட்டும் கயிறும், மேலே இழுக்க ஆளும் வேண்டும். உள்ளே ஒருவன் விழுந்துவிட்டால் கயிற்றை இழு, 101-க்குப் போன் செய். நீ இறங்காதே. பெட்ரோல் பம்ப்செட்டை உள்ளே இறக்கி ஓட்டுவதும் இதே கொலைதான்.

6. கம்பியைச் செங்குத்தாகத் தூக்குமுன் தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பார்.

7. ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் போதாது, ரப்பர் கையுறையும் பூட்ஸும் போடு. கண்ணில் தெறித்தால் கசக்காமல் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இரு, பிறகு டாக்டரிடம் போ.

8. ஹெல்மெட் உட்காருவதற்கு அல்ல.

9. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே வந்துவிட்டது. 18 வயது முடிந்தவர்கள் பதியலாம். விபத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உதவி உண்டு. இந்த மாதத்துக்குள் பதிந்துவிடு. புதுப்பிக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வை.